கதிர் ஏன் காட்டிக்கொடுத்தான்

“மேடம், கதிர் துரோகின்னு முதல் பக்கத்துலயே சொல்லிடலாமா?”

சென்ற மாதம் அபிநயா தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அபிநயா சென்னையில் இருக்கிறாள். பழைய தமிழ்ப் படக்கதைகளைச் செல்பேசியில் படிக்கிற மாதிரி மாற்றி வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. மதுரையிலிருந்து நாங்கள் நடத்திய மாத இதழில் பல வருடங்கள் வந்த ‘யானைமலை ஐவர்’ தொடரை அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். அதற்குக் கதையும் வசனமும் எழுதியவள் நான். இதழ் நின்றுபோய், நானும் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன்.

“ஏம்மா, முதல்லயே சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு?” என்றேன்.

“இல்ல மேடம், பசங்க அவனை ரொம்ப நம்பிடுறாங்க. பாதியில ஏமாத்திட்டீங்கன்னு திட்டுவாங்க. இல்லன்னா அவனை நல்லவனாவே விட்டுட்டு, வேற யாரையாவது மாத்திடலாமா?”

முடியாது என்றேன். ஏன் முடியாது என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன்; சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. “இதையே எழுதிக் குடுங்க மேடம், கதையெல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியில போட்டுக்கறோம்” என்று வைத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சௌராஷ்டிர வீடு. அப்பா சேலைக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் தமிழ். தமிழை நான் படித்ததைவிடக் காதால் பிடித்ததுதான் அதிகம். கல்லூரியில் தமிழ் இலக்கியம் முடித்துவிட்டு இதழில் பிழை திருத்தச் சேர்ந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, இதழ்க் கட்டு வந்து சேரவில்லை என்று காலையில் சண்டை போட்டுவிட்டுப் போன ஏஜென்ட் ஒருவரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஆசிரியர் நிற்பது தெரியவில்லை. “அந்தாள் பேசுனதுல பாதியை விட்டுட்டு, நல்லா இருந்ததை மட்டும் பேசிக் காட்டுற. அதுதாம்மா வசனம். எழுதிப் பாரு” என்றார். எனக்கு நடந்த பயிற்சி இவ்வளவுதான். மற்றதெல்லாம் திரும்பத் திரும்ப எழுதிக் கிழித்ததில் வந்தது.

ஆசிரியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதழின் உரிமையாளரும் அவரே. ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, எப்போதும் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி இரண்டு. டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், காகிதக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். நான் எழுதிய கதையை மேசையில் வைத்துப் படிக்க மாட்டார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உரக்க வாசிப்பார். எங்களுக்குத் தாள்தான் தெரியும், அவர் முகம் தெரியாது. மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்புவதை அறிவிக்கிற மாதிரி ஒரே குரல். வில்லனுக்கும் அந்தக் குரல்தான், கதாநாயகிக்கும் அந்தக் குரல்தான், நாய் குரைத்தாலும் அந்தக் குரல்தான். “நாய். லொள் லொள். அடுத்த கட்டம்.”

முதலில் எனக்கு அழுகையாக வரும். நான் ரசித்து எழுதியதெல்லாம் அந்தக் குரலில் செத்துப்போகும். பிறகுதான் புரிந்தது. அந்தக் குரலில் வாசித்தும் சிரிப்பு வந்தால் அது நிஜமான சிரிப்பு. அந்தக் குரலில் வாசித்தும் தொண்டை அடைத்தால் அது நிஜமான துக்கம். வாசகன் கையில் இருப்பது காகிதம்தானே, நடிகர்களா வந்து பேசப் போகிறார்கள்? பிடித்திருந்தால் “அடுத்தது” என்பார். பிடிக்காவிட்டால் தாளின் மூலையை மடிப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு முறை வில்லன் சிரிப்பதற்காக ஒரு வசன பலூன் நிறைய ‘ஹா ஹா’ எழுதியிருந்தேன். அதை ஒன்றுவிடாமல் அந்தக் குரலிலேயே வாசித்து முடித்தார். அதற்குப் பிறகு என் வில்லன்கள் யாரும் சிரித்ததில்லை.

படம் வரைந்தவர் மாயாண்டி. அவனியாபுரத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். மாயாண்டி சுவரில் விளம்பரம் எழுதி, பொங்கலுக்குக் காளை படம் வரைந்த தட்டிகள் செய்து, அங்கிருந்து எங்களிடம் வந்தவர். என்னைவிட வயதில் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டம் என்று பிரித்து, இடது பக்கம் யார் எங்கே நிற்கிறார்கள் என்றும் வலது பக்கம் வசனமும் எழுதிக் கொடுப்பேன். அவர் பென்சிலில் போட்டுக் காட்டுவார், பிறகு மை. பேசுவது குறைவு. ‘கதிர் கோபமாகப் பார்க்கிறான்’ என்று எழுதினால் அடித்துவிட்டு, “அது நான் பாத்துக்கிறேன்க்கா” என்பார்.

தொடரில் ஐந்து பேர். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். மலைமேல் ஏறுவதில் கெட்டிக்காரி பொன்னி, எந்த இயந்திரத்தையும் பிரித்து மாட்டும் ஜாபர், முத்து, முருகு என்ற இரட்டையர், இவர்களுக்குத் தலைவன் கதிர். இவர்களுடைய எதிரி வெடி வேலாயுதம். மலையை வெடி வைத்து உடைத்து விற்கிறவன். ஒவ்வொரு மாதமும் ஐவரும் அவனுடைய இடத்தைக் கண்டுபிடித்துப் போவார்கள். உள்ளே இருப்பவர்களை மீட்பார்கள். வேலாயுதம் மட்டும் அப்போதுதான் தப்பிப் போயிருப்பான். அவன் தப்பினால்தானே எங்களுக்கு அடுத்த மாதம் கதை?

கதிரைப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நெற்றியில் விழுகிற முடி, நேரான பார்வை, அவசரப்படாத பேச்சு. பள்ளிக்கூடங்களில் கதிர் மாதிரி முடி வெட்டிக்கொண்டார்கள். அந்த முகத்தை மாயாண்டி எங்கேயும் தேடிப் போகவில்லை. அவருடைய தம்பி பாண்டியை எதிரே உட்கார வைத்து வரைந்தது.

ஒரு வருடம் தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி. எங்கள் கடையில் நானும் ஆசிரியரும் இருந்தோம். விளாங்குடியிலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்திருந்தாள். பதினோராம் வகுப்பு, பெயர் ரேவதி. சின்ன வயதிலிருந்து ஒரு இதழ் விடாமல் படிக்கிறவள்.

“யானைமலை எழுதுறது நீங்களா?”

“ஆமாம்மா.”

“ஒண்ணு கேக்கவா? இவங்க போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வேலாயுதம் ஒவ்வொரு தடவையும் தப்பிச்சுப் போயிர்றானே, அவனுக்கு யாரு சொல்றா?”

அவளுடைய அப்பா சிரித்தார். “பாப்பா, அது கதைம்மா.”

“கதைன்னாலும் ஒருத்தர் சொன்னாத்தானப்பா தெரியும்?”

நான் எழுத்தாளர்கள் வழக்கமாகத் தப்பிக்கிற வழியில் தப்பித்தேன். “தொடர்ந்து படிச்சுக்கிட்டே வாம்மா, தெரியும்” என்றேன். அவள் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனாள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆசிரியர், “தெரியும்னு சொல்லிட்ட. யாரு சொல்றா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

கண்காட்சி முடிந்த பிறகு பழைய இதழ்களையெல்லாம் மேசையில் பரப்பினோம். ஆசிரியர் இன்ஸ்பெக்டர் மாதிரி விசாரித்தார். வெளியாள் யாருக்கும் முன்கூட்டித் தெரிய வழியில்லை. ஐவருடைய திட்டம் ஐவருக்குத்தான் தெரியும். பொன்னியா? பொன்னிக்கு அம்மை போட்டிருந்த கதையிலும் வேலாயுதம் தப்பியிருந்தான். ஜாபர் மேலூரில் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்த கதையிலும் தப்பியிருந்தான். இரட்டையருக்குப் பரீட்சை என்று நான் அவர்களை விட்டுவிட்டு எழுதிய கதை உண்டு, அதிலும் தப்பினான். ஒரு கதை விடாமல் எல்லாவற்றிலும் இருந்தவன் கதிர் மட்டுந்தான். தலைவன் இல்லாமல் எப்படிக் கதை எழுதுவது?

அதோடு போகவில்லை. “அவசரப்படாதீங்க, கொஞ்சம் பொறுத்துப் போவோம்” என்று ஏறக்குறைய எல்லாக் கதையிலும் கதிர் சொல்லியிருந்தான். தலைவனுக்கு நிதானம் வேண்டும் என்று நினைத்து எழுதியது நான்தான். இப்போது வரிசையாகப் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. வேலாயுதம் ஓடுவதற்கு நேரம் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆசிரியர் இதழ்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். “இதை நாம முடிவு பண்ணலம்மா. கதை எப்பவோ முடிவு பண்ணிருச்சு. நமக்குத்தான் தாமதமாத் தெரியுது.”

கையில் மையோடு கதவருகே மாயாண்டி நின்றிருந்தார். “யாரு, கதிரா?” என்றார்.

“ஆமா.”

“நான் வரைய மாட்டேன்யா.”

அவர் எதையும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. “அது என் தம்பி மூஞ்சி. பாண்டி ஒருத்தனையும் காட்டிக்கொடுக்க மாட்டான். அவனைப் போய் என் கையால எப்படி துரோகியா வரைவேன்?”

இன்னொருவராக இருந்தால் கத்தியிருப்பார். இதழை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் யானைமலைக்காகத்தான் வாங்கினார்கள். மாயாண்டி பேனாவைக் கீழே வைத்தால் இதழ் படுத்துவிடும். அதை நம்பி இருந்த எல்லோருக்கும் சிரமம். ஆசிரியருக்கு அது தெரியாதா? ஆனாலும் ஒரு நாற்காலியை மாயாண்டி பக்கம் தள்ளி, “சரி, நீங்க வரைய வேண்டாம்” என்றார். மாயாண்டியே திகைத்துவிட்டார். “பத்மா எழுதட்டும். நான் வாசிக்கிறேன். நீங்க உக்காந்து கேளுங்க. கேட்டுட்டு, கதிர் இப்படிச் செய்ய மாட்டான்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா விட்டுருவோம். வேற கதை போடுவோம்.”

பாரம் முழுவதும் என் தலையில் வந்து உட்கார்ந்தது.

எழுதினேன். வேலாயுதம் ஆசை காட்டினான், கதிர் மயங்கினான் என்று எழுதினேன். மூலை மடிந்தது. வேலாயுதம்தான் கதிருடைய காணாமல்போன அப்பா என்று எழுதினேன். அன்றைக்கு மட்டும் ஆசிரியர் வாய்திறந்தார்: “அப்பான்னு போட்டா எல்லாரும் உடனே மன்னிச்சுருவாங்கம்மா. அம்புட்டு சுலபமா விட்டுறாத.” அதுவும் மடிந்தது. கதிர் எனக்குப் பிடிபடவில்லை. அத்தனை வருடம் எழுதியிருக்கிறேன், அவன் தனியாக இருக்கும்போது என்ன நினைப்பான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கடைசியில், அந்த முகத்தையே போய்ப் பார்ப்போம் என்று அவனியாபுரம் போனேன்.

பாண்டி அப்போது ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். பெரியார் பஸ் நிலையத்துக்கும் அவனியாபுரத்துக்கும் நடை. ஆட்டோவின் பின்பக்கம் கதிர் கை நீட்டி வழிகாட்டுகிற படத்தை மாயாண்டி வரைந்து கொடுத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகள் “கதிரண்ணே, இடம் இருக்கா?” என்று கேட்டுத்தான் ஏறுவார்கள். அவனும் “அவசரப்படாதீங்க, பொறுத்துப் போவோம்” என்று கதிர் மாதிரியே சொல்லுவான். ஒரே சிரிப்பாக இருக்கும். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு என்னை ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போனான்.

“அண்ணன் கொஞ்ச நாளா யார்கூடயும் பேசலக்கா. ஆபீஸ்ல எதும் பிரச்சினையா?”

விஷயத்தைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். “கதிரு துரோகியா? எங்க ஸ்டாண்டுல சொன்னா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாய்ங்க.”

“உங்க அண்ணன் ஒத்துக்க மாட்டேங்கிறாரு பாண்டி. என் தம்பி ஒருத்தனையும் காட்டிக்கொடுக்க மாட்டான்னு சொல்லிட்டாரு.”

சிரிப்பு அப்படியே நின்றது. கிளாஸைக் கீழே வைத்தான்.

“அண்ணன் அப்படியா சொன்னாரு?”

“ஆமா.”

 பிறகு அவன் சொன்னதை, அவனிடமும் அவன் நண்பரிடமும் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன். நண்பரின் பெயர் சேது என்று வைத்துக்கொள்வோம்.

பாண்டியும் கூட்டாளிகளும் பொங்கலுக்கு மாடு பிடிக்க இறங்குகிறவர்கள். இவன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவன். ஒரு வருடம் இறங்கப்போகிற காளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து இவனுக்கு மனசு சரியில்லை. தனக்காக இல்லை, சேதுவுக்காக.

“அவங்கம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான்க்கா. அவனுக்கு வேகம் இருக்கு, நிதானம் இல்ல. சொன்னா கேக்க மாட்டான். மாடு பிடிக்கிறவங்களை டாக்டர் செக் பண்ணித்தான உள்ள விடுவாங்க? நான் போயி, சேதுவுக்குச் சின்ன வயசுல வலிப்பு வரும்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்.”

“வருமா?”

“வராது. பொய்யி.” தலையைக் குனிந்துகொண்டான். “பனியன் போட்டு நின்னவனை வெளிய அனுப்பிட்டாங்க. ஏன்னே அவனுக்குப் புரியல. நாங்க உள்ள இருக்கோம், அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருக்கான். சாயங்காலம் நான்தான் போயி தோள்ல கையைப் போட்டு, ‘விடு மாப்ள, அடுத்த வருசம் பாத்துக்கலாம்’னேன்.”

அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியாது. அதற்கெல்லாம் மாயாண்டிதான் வேண்டும்.

“அதோட முடிஞ்சிருந்தா சரிக்கா. வலிப்புன்னு சொன்னது நாலு பேரு காதுல விழுந்து, ஊரைச் சுத்திருச்சு. அவனுக்குப் பேசி முடிச்சிருந்த பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாங்க. அம்புட்டு தூரம் போகும்னு நான் நினைக்கவே இல்ல. நான் நினைச்சது, அவன் வீட்டுக்கு முழுசா திரும்பிப் போகணும். அவ்வளவுதான். அப்புறம் தாங்க மாட்டாம நானே போயிச் சொன்னேன். அடிப்பான்னு பாத்தேன், அடிக்கல. ‘என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாப்ள’ன்னான்.”

“இப்பப் பேசுறதில்லையா?”

“பேசுவான். கல்யாணமாகி நல்லாத்தான் இருக்கான். எதுத்தாப்புல பாத்தா நிப்பான், டீ வாங்கிக் குடுப்பான். ஆனா ஒரு காரியத்துக்கும் என்னைய முன்னால நிக்கக் கூப்பிட மாட்டான்.”

எனக்கு அந்த நிமிடம் கதிர் கிடைத்துவிட்டான். அதைப் பாண்டியிடமே சொல்லிக் கேட்டேன். எழுதலாமா என்றேன்.

“எழுதுங்க. மாடு வேணாம், சேது வேணாம். மத்தது என்ன வேணும்னாலும் எடுத்துக்கங்க. அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

என்னைத் திரும்ப ஏற்றிவிட்டுப் போகும்போது, “என்னையப் பத்தி அண்ணன் அப்படி நினைச்சிருக்காரு பாருங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்த வாரம் எழுதியதுதான் நீங்கள் படித்து முடித்த கதை. படித்ததுதான், ஆனாலும் கொஞ்சம் நினைவுபடுத்திவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி புரியாது. யானைமலை ஐவரில் ஒருவருக்கும் அத்தனை கதைகளிலும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. பிள்ளைகள் கதை, அதனால் விழாது என்று நாங்களும் நினைத்தோம், படித்தவர்களும் நினைத்தார்கள். விழாமல் இருந்ததற்குக் காரணம் கதிர். வேலாயுதத்துக்கு முன்கூட்டித் தகவல் போகும், பதிலுக்கு இந்த ஐந்து பேர் மேல் யாரும் கைவைக்கக் கூடாது. அப்படி ஒரு பேச்சு. ஐந்து பேரும் முழுசாக வீடு திரும்பினார்கள். ஆனால் தப்பித்துப் போன வேலாயுதம் சும்மா இருப்பானா? ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் போய் வெடி வைத்தான். அதில் பொன்னியின் ஊருக்குத் தண்ணீர் கொடுத்த சுனை வற்றிப்போனது.

வாசிக்கிற நாள் வந்தது. மாயாண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாண்டி சொல்லிவிட்டானா என்று அவர் முகத்தில் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. ஆசிரியர் ஜன்னல் பக்கம் போனார், தாளைத் தூக்கினார்.

“கதிர். நம்மள்ல ஒருத்தருக்கும் ஒரு அடிகூடப் படலையே, எப்படின்னு யோசிச்சியா. அடுத்த கட்டம். பொன்னி. எங்க ஊரு சுனை. அடுத்த கட்டம். கதிர். அது எனக்குத் தெரியாது பொன்னி. அடுத்த கட்டம். பொன்னி. எங்ககிட்ட ஒரு வார்த்தை ஏன் கேக்கல.”

அதே பஸ் குரல்.

“அடுத்த கட்டம். கதிர். வசனம் இல்லை.”

தாள் கீழே இறங்கவில்லை. அடுத்த கட்டம் என்ற சத்தமும் வரவில்லை. மாயாண்டி எழுந்து போய் அவர் கையிலிருந்து தாளை வாங்கினார்.

“இந்தக் கட்டம் சின்னதா இருந்தாப் போதாதுய்யா. பாதிப் பக்கம் வேணும்” என்றார்.

வரைந்து தருகிறேன் என்று அவர் சொன்னது இப்படித்தான். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “முழுப் பக்கம் எடுத்துக்கங்க” என்றார்.

வெளியே வந்ததும் மாயாண்டி என்னிடம், “சொல்லிட்டான்க்கா” என்றார். அண்ணனும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பகல் பாண்டி ஆட்டோவை நிறுத்திவிட்டு எங்கள் மாடிக்கு வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தான். அந்தப் பக்கத்தில் கதிரின் முகத்தைப் பாதி இருட்டில் வைக்கலாமே என்றேன். மாயாண்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னார். “ஒளிச்சா களவாணி மூஞ்சி ஆயிரும்க்கா. இவன் களவாணி இல்ல. நேரா இருக்கட்டும், பாக்கிறவங்க பாக்கட்டும்.” பாண்டி அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கண் கலங்கியபோதும் மாயாண்டி கையை நிறுத்தவில்லை. அந்த ஒரு முகத்துக்கு மட்டும் எத்தனையோ காகிதம் போனது. என் வேலை வாழ்க்கையில் நான் பார்த்த சிறந்த படம் அதுதான்.

இதழ் வெளிவந்ததும் தொலைபேசி ஓயவில்லை. திண்டுக்கல் ஏஜென்ட், “பிள்ளைக அழுகுதுக சார், என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?” என்று கத்திவிட்டு, அதே மூச்சில் இன்னும் ஒரு கட்டு அனுப்பச் சொன்னார். ஒரு அப்பா மாடி ஏறி வந்து, நல்ல பையனைக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஆசிரியரிடம் சண்டை போட்டார். ஆசிரியர் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, சாவகாசமாக, “உங்க பையன் என்ன சொல்றான்?” என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, “அவன் வீட்டுல ஒரே விவாதம் சார். கதிர் செஞ்சது சரிங்கிறான், அவன் தங்கச்சி தப்புங்கிறா. சாப்பிடக்கூட வர மாட்டேங்குதுக” என்றார். ஆசிரியரும் சிரித்தார், வந்தவரும் சிரித்துவிட்டார்.

அவனியாபுரம் நடையில் பாண்டியின் பாடுதான் வேடிக்கை. “ஏண்ணே காட்டிக்கொடுத்தீங்க?” என்று ஏறுகிற பிள்ளையெல்லாம் கேட்டது. ஒரு சின்னப் பெண் அவன் ஆட்டோவில் ஏறவே மாட்டேன் என்று நின்றுவிட்டாளாம். அவன் இறங்கிப் போய், “தப்புத்தான் பாப்பா, கேட்டிருக்கணும்” என்று சொன்ன பிறகுதான் ஏறினாளாம். ஆட்டோவின் பின்னால் இருந்த படத்தை அழித்துவிடவா என்று மாயாண்டி கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டான்.

சேது அந்தக் கதையைப் படித்தாரா என்றால், படித்தார். “நல்லாருக்கு” என்றாராம்.  ஒரு படக்கதை அதையெல்லாம் சரிசெய்துவிடும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கதிரை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. சாகடிக்கலாம் என்றார்கள் சிலர், மன்னித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். ஆசிரியர் இரண்டுக்கும் ஒப்பவில்லை. பொன்னி தலைவியானாள். கதிர் போய்விட்டான் என்று எழுதி நான் முடித்துவிட்டேன். ஆனால் சில மாதம் கழித்து, அச்சாகி வந்த இதழைப் புரட்டும்போது ஒரு பஸ் நிறுத்தக் கூட்டத்தில் நெற்றியில் முடி விழுந்த ஒரு பையன் நிற்பதைப் பார்த்தேன். நான் எழுதாத ஆள். அடுத்த மாதம் ஒரு பட்டறையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். மாயாண்டியிடம் கேட்டேன். “அவன் எங்கயாச்சும் இருப்பான்ல?” என்றார். இதழ் நிற்கிற வரைக்கும் அவன் ஏதாவது ஒரு கட்டத்தில் இருந்தான், ஒரு வார்த்தை பேசாமல். வாசகர்கள் அவனைத் தேடிக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். ஆசிரியருக்கும் தெரியும். அவர் கடைசிவரை அதைப் பற்றிப் பேசவில்லை. மூலையையும் மடிக்கவில்லை.

ஆசிரியருக்கு வயதாகி, முடியாமல் போனபோது இதழை நிறுத்தினார். யாருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. எங்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினார். எனக்கு அதில் வருத்தம் உண்டா என்று கேட்டால், இல்லை. எனக்குப் பிடித்த வேலையைப் பிடித்த ஆட்களோடு செய்து முடித்தேன். எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அபிநயாவுக்குப் புது அட்டைப்படம் வேண்டும் என்பதால் போன வாரம் அவனியாபுரம் போனேன். மாயாண்டி இப்போது வீட்டிலேயே இருந்து புத்தகங்களுக்குப் படம் வரைகிறார். பாண்டி சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். நான் வந்திருப்பது தெரிந்து அவனும் வந்துவிட்டான். ஐந்து பேரையும் பென்சிலில் போட ஆரம்பித்த மாயாண்டி, நான்கு பேரைப் போட்டுவிட்டு நிறுத்தினார்.

“கதிரை எங்கக்கா நிறுத்த? ஓரமாவா?”

“நடுவுலயே நிறுத்துங்க. சிரிச்ச மூஞ்சியாப் போடுங்க. இனிமே படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுல்ல?”

மாயாண்டி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு தம்பியைக் கை காட்டி எதிரே உட்காரச் சொன்னார். பாண்டி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. கையால் அதைத் தடவிக்கொண்டே சொன்னான்:

“அண்ணே, முடியை மட்டும் கருப்பாப் போட்டுரு.”